பிரேக் எழுப்பும் ஓசையை அலட்சியம் செய்யலாகாது

வாகனமொன்றை நிறுத்தும்போது சக்கரத்தருகே எழும் 'கிரீச்' என்ற ஓசை எமது வீதிகளில் நாளாந்தம் கேட்கக்கூடியதொன்றாகிவிட்டது. அதனைக் கேட்டுப் பழகிய சாரதிகளில் ஒரு சாரார் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டுச் செல்கின்றனர். மற்றொரு சாரார் வீண் அச்சங்கொண்டு, தேயாத உதிரிப்பாகங்களையும் மாற்றிப் பணத்தை விரயமாக்குகின்றனர். இவ்விரண்டும் அறியாமையின் விளைவுகளே.

இன்றைய கார்களின் முன்சக்கரங்களில், சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டொன்று உண்டு. இதுவே டிஸ்க் எனப்படுகிறது. பிரேக் மிதியை அழுத்தும்போது இரு பேட்கள் அதனை இருபுறமும் இறுகப் பற்றுகின்றன. அந்த உராய்வினால் வாகனத்தின் வேகம் வெப்பமாக மாறுகிறது. பேட் சீராக உராயாமல், கணத்துக்குக் கணம் பற்றியும் நழுவியும் அதிருமாயின் அவ்வதிர்வே ஓசையாகக் கேட்கிறது. கரும்பலகையில் வெண்கட்டி கிரீச்சிடுவதும் இவ்வாறுதான்.

எனவே, எல்லா ஓசையும் ஆபத்தின் அறிகுறியன்று. மழை பெய்த இரவின் பின்னர் டிஸ்க்கில் மெல்லிய துரு படிவதால் காலையில் முதற் சில தடவைகள் ஓசை எழலாம். சற்றுத் தூரம் சென்றதும் அது மறைந்துவிடும். தூசி படிவதும், பேட் கடினமான கலவையால் ஆனதாக இருப்பதும் ஓசைக்குக் காரணமாகலாம்.

ஆனால், நாள் முழுவதும் பிரேக் பிடிக்கும் போதெல்லாம் ஓசை தொடருமாயின் அதனை எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். பல பேட்களில், தேய்வு எல்லையை நெருங்கியதும் டிஸ்க்கில் உரசி ஒலியெழுப்பும் சிறிய உருக்குத் தகடொன்று இதற்கெனவே பொருத்தப்பட்டுள்ளது. எல்லாப் பேட்களிலும் இத்தகடு இல்லை என்பதால், ஓசை இல்லாமையை மாத்திரம் நம்பியிருக்கவும் முடியாது.

புதிய பேட்டின் உராய்வுப் பகுதி பொதுவாக 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை தடிப்புடையது. அது 3 மில்லிமீற்றர் அளவுக்குக் குறைந்ததும் மாற்றிவிடுவதே உசிதம். ஒரு சக்கரத்தில் மாத்திரம் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வாகனம் ஒரு பக்கம் இழுபடக்கூடும். ஆதலால் இடம், வலம் இரு சக்கரங்களிலும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். 'கரகர'வென்ற அரைக்கும் சத்தம் கேட்குமாயின் பேட் முற்றாகத் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசுவதாகவே கருத வேண்டும். அந்நிலையில் வாகனத்தைச் செலுத்துவது ஆபத்தானது. டிஸ்க்கும் பழுதடைவதால் செலவும் பன்மடங்காகும். ஓசையை அடக்குவதற்கென பேட்டில் எண்ணெயோ கிறீஸோ பூசுவது பிரேக்கையே செயலிழக்கச் செய்யும்.

எமது நாட்டில் இவ்விடயம் தனிக் கவனத்துக்குரியது. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே மேலும் பழையனவாகி ஓடின. 2022 இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் உதிரிப்பாகங்களின் விலையும் உயர்ந்ததால், 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று ஒத்திவைக்கும் குடும்பங்களின் நிலையை நாம் அறியாதவர்களல்லர். ஆயினும், ஒத்திவைக்கக்கூடிய செலவுகளின் பட்டியலில் பிரேக் இடம்பெறலாகாது.

மலையகத்தின் நீண்ட இறக்கங்களில் இதன் பாரதூரம் இன்னும் அதிகம். 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா, ரதல்ல பகுதியில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ், வானொன்றுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். அந்த பஸ்ஸின் பிரேக் செயலிழந்ததாகவே அப்போது தெரிவிக்கப்பட்டது. பஸ்களின் பிரேக் அமைப்பு கார்களினதிலும் வேறுபட்டதாயினும், வெப்பம் மிகுந்தால் பிரேக் பலமிழக்கும் என்பது இரண்டுக்கும் பொதுவானது. ஆகவே, இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது மிதித்தவாறு செல்லாமல், தாழ்ந்த கியரில் இயந்திரத்தின் இழுவையைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பிரேக் ஒயில் அவ்வெப்பத்தில் எளிதில் கொதித்துவிடும் என்பதால், அதனையும் ஏறக்குறைய 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று.

விடுமுறைக்குக் குடும்பத்துடன் புறப்படுமுன் ரயரின் காற்றையும் எரிபொருளையும் பார்க்கும் நாம், கராஜில் சில நிமிடங்கள் செலவிட்டு பேட்டின் தடிப்பையும் பார்த்துக்கொள்வதில் என்ன சிரமம் இருக்கிறது? அந்தச் சில நிமிடங்களில் காக்கப்படுவது எமது உயிர் மாத்திரமல்ல, எதிரே வருபவரின் உயிரும்தான்.