வெறும் தராசும் வெள்ளை அரிசியும்

நூற்றிருபது வருடங்களுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்றொரு நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கி, கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது மோசமாகத் தாக்கியது. அதே நாட்டில் தோட்ட வேலைக்குப் போயிருந்த தமிழர்களுக்கு அது அதிகம் வரவில்லை. வில்லியம் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நோய்க்குக் காரணம் அரிசிதான் என்றார் அவர்.

அவர் சொன்னது சரி என்பது இன்று நமக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குப் பலர் ஏற்கவில்லை. அந்தத் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. நாமே அந்த இடத்தில் நின்று யோசித்துப் பார்ப்போமே. இரண்டு கூட்டத்தாருக்கும் அரிசி மட்டுமா வேறு? செய்த வேலை வேறு, படுத்த இடம் வேறு, குடித்த தண்ணீர் வேறு, சோற்றோடு சேர்த்துக்கொண்ட குழம்பும் காயும் மீனும் வேறு. பெரிபெரி ஒரு தொற்று நோய், குடியிருக்கும் இடத்திலிருந்து வருகிறது என்று நம்பியவர்கள் அப்போது நிறையப் பேர். அவர்களிடம் போய், சுரங்கக் கொட்டகையில் நோய் இல்லை, அரிசியில்தான் இருக்கிறது என்று எதைக் காட்டி நிரூபிப்பது? ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் இப்படி வேறுபடக்கூடிய ஒவ்வொன்றையும் அறிவியலில் மாறி என்கிறோம். பிராடன் பார்த்ததில் எல்லா மாறிகளும் ஒரே நேரத்தில் மாறியிருந்தன. அதுதான் சிக்கல்.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் ஒரு காரியம் செய்தார். அங்கே ஒரே மாதிரி கட்டிய இரண்டு வார்டுகள் முற்றத்தின் இரு பக்கமும் எதிரெதிரே இருந்தன. நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் கிழக்கு வார்டுக்குப் போனார்கள், இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்கு வார்டுக்கு. கிழக்கே வழக்கமான சயாம் பச்சரிசி, மேற்கே இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. மற்றச் சாப்பாடு இரு பக்கமும் ஒன்றே. ஓராண்டுக்கு மேல் இது நடந்தது.

இங்கே மூன்று வகை மாறிகளையும் பார்த்துவிடலாம். ஃப்ளெட்சர் வேண்டுமென்றே மாற்றியது அரிசியை. சோதனை செய்பவர் தானே தீர்மானித்து மாற்றுகிற இதைச் சாரா மாறி என்பார்கள். அதன் விளைவாக ஏதாவது மாறுகிறதா என்று அவர் காத்திருந்து பார்த்தது நோயை. அது சார்ந்த மாறி. கட்டடம், மற்ற உணவு, கவனிப்பு, காலம் எல்லாம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். இவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

அநேகமாக எல்லோரும் வழுக்குவது இந்த மூன்றாவது வகையில்தான். அரிசியும் நோயும்தான் கதை, மற்றவை சோதனைக் குறிப்பேட்டில் கடைசி வரியை நிரப்புவதற்கு என்று நினைத்துவிடுகிறோம். செடிக்கு உரம் போட்டுப் பார்க்கிற பள்ளிப் பிள்ளையும் ‘தண்ணீர், வெயில், மண்’ என்று எழுதி முடித்துவிடுகிறது. ஒரு தொட்டி ஜன்னலோரம் இருந்ததா, இன்னொன்று சுவரோரம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மாறாமல் நின்றதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்புதான்.

பழைய மளிகைக் கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். சரக்கை வைக்கும் முன் கடைக்காரர் வெறும் தராசைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு தட்டும் சமமாக நின்றால்தான் பிறகு சாய்வது சரக்கின் எடையால் என்று நாம் நம்பலாம். முதலிலேயே ஒரு தட்டு தாழ்ந்திருந்தால், பின்னால் எவ்வளவு கவனமாக நிறுத்தும் பயனில்லை. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் செய்வது அந்த வெறும் தராசின் வேலையை. பிராடன் சரியான சரக்கைத்தான் நிறுத்தார், ஆனால் அவருடைய தட்டுகள் சமமாக இல்லை.

தராசின் மேல் சந்தேகம் வந்தால் இன்னொரு வழியும் உண்டு. சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து நிறுத்துப் பார்ப்பது. ஃப்ளெட்சரும் அதையே செய்தார். சோதனையின் நடுவே இரண்டு வார்டுக்காரர்களையும் இடம் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. நோய் கட்டடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் இனி அது புழுங்கலரிசிக்காரர்களைப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. முடிவில் பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் இருவருக்கு மட்டும் நோய் இருந்தது, அவர்களும் காப்பகத்துக்கு வரும்போதே அதோடு வந்தவர்கள். அந்தப் பக்கம் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை.

செத்துப்போன அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அவர்கள் சம்மதம் சொல்லும் நிலையிலும் இல்லை. இன்று இப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அவர்கள் கொடுத்த விலையில்தான் இந்த விடை வந்தது.

கட்டடத்தை ஒன்றாக்கலாம், குழம்பை ஒன்றாக்கலாம். மனிதரை எப்படி ஒன்றாக்குவது? வயது, பழைய நோய், பிறவி வலு இவையெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. பிடித்து நிறுத்த முடியாத இந்த மாறிகளுக்காகத்தான் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்ணிக்கை. நலிந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் போய்ச் சேராமல், இரண்டு பக்கமும் கலந்து விழ அது உதவுகிறது. இன்றைய மருந்துச் சோதனைகளில் இதையே இன்னும் கறாராக, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் செய்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் ஓர் ஓட்டை மிச்சம் இருந்தது. ஃப்ளெட்சர் மாற்றியது ஒன்றையா? ஒரு பக்கம் சயாமில் விளைந்த பச்சரிசி, மறு பக்கம் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. புழுக்கியதும் மாறியது, விளைந்த மண்ணும் மாறியது. ஒரே மூட்டைக்குள் இரண்டு மாறிகள் சேர்ந்தே வந்துவிட்டன. சாரா மாறியை ஒரே சொல்லில் ‘அரிசி’ என்று எழுதிவிட்டால் இது கண்ணில் படாது. அதனால் நாம் எதை மாற்றுகிறோம் என்பதை முடிந்த அளவு நுணுக்கிச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இந்த ஓட்டையை அடைக்கும் வழி ஜாவாவில் முன்பே கிடைத்திருந்தது. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் 1890களில் கோழிகளை வைத்துச் சோதித்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போலவே கால் விழுந்தது. அந்தத் தீட்டிய அரிசியோடு தவிட்டையும் சேர்த்துக் கொடுத்தால் கோழிகள் தேறின. அரிசி அதே அரிசி, கூடச் சேர்ந்தது தவிடு மட்டும். அவரும் முதலில் இதைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டார். அரிசியின் மாவில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று நினைத்தார். அவருக்குப் பின் வந்த கெரிட் க்ரைன்ஸ், உடம்புக்குத் தேவையான ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்று 1901-இல் சொன்னார். மாறிகளை ஒழுங்காகப் பிரித்தால் எது காரணம் என்று தெரியும், அது ஏன் காரணம் என்பதற்கு வேறு சோதனைகள் வேண்டும். ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ‘ஏதோ ஒன்று’ தயமின், அதாவது வைட்டமின் பி1. 1926-இல் அதே ஜாவாவில் அரிசித் தவிட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது மேல்தோலில் இருக்கும் தயமின் நீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்குகிறது. மலாயாவுக்குப் போன தமிழர்களைக் காத்தது இதுதான்.