தளத்தை நோக்கியா, ஆளை நோக்கியா?

2015-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டாட்ஜர் அரங்கம் நிரம்பி வழிந்தது. நியூயார்க் மெட்ஸ் அணிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்கும் இடையே பேஸ்பால் ஆட்டம். ஏழாம் சுற்றில் மெட்ஸ் அணி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முன்னணியில் நின்றது. டாட்ஜர்ஸ் வீரர் அடித்த பந்தை மெட்ஸ் அணியினர் ஒருவர் எட்டிப் பிடித்து, இரண்டாம் தளத்தருகே ஓடிவந்த தம் தோழர் ரூபன் தெஹாடாவிடம் தட்டிவிட்டார். தெஹாடா பனாமா நாட்டவர். அப்போது அவருக்கு வயது 25. பந்தைப் பெற்றவர், அதை முதல் தளத்துக்கு எறியும்பொருட்டு உடலைச் சுழற்றினார். ஓடிவருபவருக்கு அவர் முதுகு காட்டி நின்ற கணம் அது. அக்கணத்தில், எதிரணியின் சேஸ் அட்லி தளத்தை ஏறத்தாழ எட்டிவிட்ட பிறகே தரையில் சாய்ந்து, தெஹாடாவின் கால்களில் மோதினார். தெஹாடா தூக்கி எறியப்பட்டு விழுந்தார். வலக்காலின் கீழ்ப்பகுதியில் உள்ள சிற்றெலும்பு முறிந்தது. அவரை வண்டியில் ஏற்றித்தான் களத்தினின்று அகற்ற வேண்டியிருந்தது.

அதன் பின் நடந்ததுதான் விந்தை. நடுவர் முதலில் அட்லியை ஆட்டமிழந்தவர் என்றார். படப்பதிவை மீண்டும் ஆராய்ந்தவர்களோ, தெஹாடாவின் கால் தளத்தைத் தொடவில்லை என்று கண்டு, அட்லி ஆட்டமிழக்கவில்லை எனத் தீர்ப்பளித்தனர். அட்லியும் தளத்தைத் தொடவில்லை என்பது வேறு கதை! அந்த மோதலின்போதே டாட்ஜர்ஸ் அணி கணக்கைச் சமன் செய்திருந்தது. அதே சுற்றில் மேலும் மூன்று ஓட்டங்களைக் குவித்து, 5-2 என்று வென்றது. கால் முறிந்தவரின் அணி தோற்றது. முறித்தவரின் அணி வென்றது.

கிரிக்கெட் அறிந்த நம் வாசகர்களுக்கு இவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். பேஸ்பால் களத்தில் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. மட்டையால் பந்தை அடித்தவர் இந்நான்கையும் சுற்றி வந்தால் அணிக்கு ஓர் ஓட்டம். முதல் தளத்தை ஓடிக் கடந்து சென்றால் குற்றமில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஓடியவர் தளத்தின் மேலேயே நின்றாக வேண்டும். தாண்டிவிட்டால் பந்தால் தொட்டு அவரை வெளியேற்றிவிடலாம். முழு வேகத்தில் ஓடிவருபவர் எவ்வாறு சட்டென நிற்பது? அதற்காகவே தரையில் விழுந்து சறுக்குகிறார்கள். புழுதி பறக்க, தொடுபவரின் கைக்கு அகப்படாமல், கால் நுனியால் தளத்தைப் பற்றி நிற்கும் அந்தச் சறுக்கல் ஓர் அருங்கலை. 1880-களில் புகழ்பெற்ற மைக் கெல்லி என்னும் வீரரின் சறுக்கலைப் பற்றி நாடெங்கும் பாடப்பட்ட பாட்டு ஒன்றே உண்டு. ஆகவே சறுக்கலைக் குறை சொல்வது நம் நோக்கமன்று.

சிக்கல் வேறோரிடத்தில் பிறந்தது. முதல் தளத்தில் ஒருவர் நிற்க, அடிக்கப்பட்ட பந்து தரையில் உருண்டு வருகிறது என்று கொள்வோம். தடுக்கும் அணியினர் அதை எடுத்து இரண்டாம் தளத்துக்கு எறிந்து ஒருவரை வெளியேற்றுவர். அங்கிருந்து முதல் தளத்துக்கு எறிந்து அடித்தவரையும் வெளியேற்றுவர். ஒரே பந்தில் இருவர்! இதைக் கெடுக்க, ஓடிவருபவருக்கு ஒரு வழிதான் இருந்தது. தாம் ஆட்டமிழந்தது உறுதியாயினும், எறியப்போகும் வீரரின் காலை வாரிவிடுவது. தோழனைக் காப்பாற்றும் செயல் என்று இது பல தலைமுறைகளாகப் பாராட்டப்பட்டது. ஆட்டத்தின் ஒரு பகுதி என்று பயிற்சியாளர்கள் கற்பித்தார்கள். தந்தையர் மைந்தருக்குச் சொன்னார்கள்.

பழமையான வழக்கம்தான். டெட்ராய்ட் அணியின் டை காப், ஆணி பதித்த காலணிகளை அரத்தால் கூர்தீட்டிக்கொண்டு பாய்வார் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. அவர் அதை வாழ்நாள் முழுதும் மறுத்தார். 1909-ஆம் ஆண்டு மூன்றாம் தளத்தில் பிராங்க் பேக்கர் என்பவரின் கையை அவருடைய காலணி கிழித்தபோது, பிலடெல்பியா நகரமே கொதித்தெழுந்தது; கொலை மிரட்டல்கள் கூட வந்தன. கூர்தீட்டியது பொய்யாகவே இருக்கலாம். ஆயினும் அக்கதையை மக்கள் வெறுப்போடு மட்டுமா சொன்னார்கள்? சற்று வியப்போடும் அன்றோ சொல்லி வந்தார்கள்!

இவ்வியப்புக்கு விலை கொடுத்தவர்களுள் ரே ஃபாஸி என்பவரை மறக்கலாகாது. 1970 ஜூலை 14 அன்று சின்சினாட்டியில் நடந்த நட்சத்திர ஆட்டம், வெற்றி தோல்விப் பட்டியலில் சேராத ஒரு காட்சி ஆட்டமே. அதன் பன்னிரண்டாம் சுற்றில், இறுதித் தளத்தைக் காத்து நின்ற 23 வயது ஃபாஸியைப் பீட் ரோஸ் தோளால் இடித்து வீழ்த்தி வெற்றி ஓட்டத்தைப் பெற்றார். எக்ஸ்ரே படத்தில் முறிவு உடனே புலப்படவில்லை; ஆகவே ஃபாஸி தொடர்ந்து ஆடினார். எலும்பு முறிந்திருந்தது மறு ஆண்டுதான் தெரியவந்தது. அவ்வாண்டில் அதுவரை 16 முறை பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிட்டிருந்தவரால், எஞ்சிய மாதங்களில் இருமுறைதான் அது முடிந்தது. அந்தத் தோள்வலி முதுமையிலும் அவரை விடவில்லை. அம்மோதல் மட்டும் தொலைக்காட்சியில் வீரச் செயலாகத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது.

மனம் மாற நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2011 மே 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பஸ்டர் போஸி என்னும் இளம் வீரர் அதே இறுதித் தளத்தில் இடிபட்டார். காலெலும்பு முறிந்து, கணுக்கால் தசைநார்கள் கிழிந்து, அவ்வாண்டு முழுவதையும் இழந்தார். மறு ஆண்டே மீண்டு வந்து தம் லீக்கின் தலைசிறந்த வீரர் விருதைப் பெற்றார் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. 2014-இல் இறுதித் தளத்துக்கு மட்டும் விதி வந்தது: ஓடுபவர் தம் வழியை விட்டு விலகிக் காப்பவர்மேல் மோதலாகாது, காப்பவரும் கையில் பந்தின்றி வழியை மறிக்கலாகாது. ஒரு தளத்துக்கு நீதி கிடைத்தது. இரண்டாம் தளம் அப்படியே இருந்தது.

தெஹாடா வீழ்வதற்கு 23 நாள்களுக்கு முன், செப்டம்பர் 17 அன்று, பிட்ஸ்பர்க் அணியின் தென்கொரிய வீரர் காங் ஜங்-ஹோ இதே போன்ற பாய்ச்சலால் கால் முறிந்து வீழ்ந்தார். என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது, மருத்துவமனைக்குச் சென்ற அம்மனிதர் தம் முகவர் வழியாக வெளியிட்ட செய்தி. தம்மை வீழ்த்தியவர் ஆட வேண்டிய முறையில்தான் ஆடினார் என்று அதில் கூறியிருந்தார்! மன்னிக்கும் உள்ளம் என்று இதைப் போற்றலாம், போற்றத்தான் வேண்டும். ஆயினும் அடிபட்டவரே அடியை நியாயம் என்று ஏற்கும் அளவுக்கு ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டால், அதை யார்தான் கேள்வி கேட்பது?

அட்லிக்கு இரண்டு ஆட்டங்களில் ஆடத் தடை விதித்தவர், பேஸ்பால் தலைமையகத்தின் மூத்த அதிகாரி ஜோ டோரி. அவரே முன்னாளில் இறுதித் தளத்தைக் காத்த வீரர். மோதலின் வலி அறிந்தவர். அட்லியோ காயப்படுத்தும் எண்ணம் தமக்கு இல்லை என்றார், மேல்முறையீடும் செய்தார். நூற்றுக்கணக்கானோர் செய்து பாராட்டுப் பெற்ற செயலுக்கு ஒருவரை மட்டும் தண்டிப்பது எப்படி என்ற வினாவுக்கு விடை இல்லை. 2016 மார்ச்சில் தடை நீக்கப்பட்டது. இதில் அட்லியின்மேல் எனக்குச் சினமில்லை. எழுதப்படாத வழக்கத்தை எழுதப்பட்ட விதியால்தான் மாற்ற முடியும்.

அவ்விதி 2016-ஆம் ஆண்டு ஆட்டங்கள் தொடங்கும் முன்பே வந்துவிட்டது. ஓடுபவர் தளத்தை எட்டுமுன்பே தரையில் சறுக்கத் தொடங்க வேண்டும். கையாலோ காலாலோ தளத்தை அடைய முயல வேண்டும். அடைந்தபின் அதிலேயே நிற்க முயல வேண்டும். மோதும்பொருட்டு வழி விலகலாகாது. மீறினால் அவரும் வெளியே, பந்தை அடித்த தோழரும் வெளியே. தோழனைக் காப்பாற்றத்தானே பாய்ந்தீர், அத்தோழனையே இழப்பீர் என்கிறது விதி. நேரே தளத்துக்குச் சறுக்கும்போது நேரும் மோதலை அது தடுக்கவில்லை. பார்ப்பது ஒன்றே: இலக்கு தளமா, ஆளா?

எதிர்ப்பு எழாமலில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 5 அன்று தாம்பா பே அணியுடன் ஆடிய டொரான்டோ அணி, கடைசிச் சுற்றில் ஓட்டங்கள் கிட்டிவிட்டன என்று மகிழ்ந்த வேளையில், ஹோசே பவுட்டிஸ்டா சறுக்கியபடியே எதிரணி வீரரின் காலைக் கையால் பற்றியது கண்டறியப்பட்டது. இருவரும் வெளியே, ஆட்டம் முடிந்தது, டொரான்டோ 3-2 என்று தோற்றது. இனிப் பெண்களின் உடை அணிந்துதான் ஆட வர வேண்டும் போலும் என்று அதன் மேலாளர் எள்ளி நகையாடி, கண்டனத்துக்கு ஆளானார். வலி தாங்குவதில் யார் பின்தங்கியவர் என்பதை அவர் ஏதேனும் ஒரு பிரசவ விடுதியில் கேட்டறிந்திருக்கலாம்.

அதே பவுட்டிஸ்டா மே 15 அன்று டெக்சஸ் அணியின் ரூக்னெட் ஓடோரை நோக்கிக் கடுமையாகச் சறுக்கினார். ஓடோர் அவர் முகத்தில் குத்தினார். முந்தைய ஆண்டு பவுட்டிஸ்டா மட்டையை வீசியெறிந்து கொண்டாடியதற்காக அன்று பந்தால் அவரை அடித்தார்கள். அதற்குப் பதிலாகச் சறுக்கல். சறுக்கலுக்குப் பதிலாகக் குத்து. ஓடோருக்கு எட்டு ஆட்டத் தடை விதிக்கப்பட்டு, பின் ஏழாகக் குறைக்கப்பட்டது.

மோதுபவர் இல்லாமலும் சறுக்கல் காயப்படுத்தும். தரையில் அசையாது பதிக்கப்பட்ட தளத்தில் கால் இடித்தால் கணுக்கால் என்னாகும்? 1980-களில் அமெரிக்காவின் மிச்சிகனில் டேவிட் ஜேண்டா என்னும் மருத்துவர், சாப்ட்பால் ஆட்டங்களில் இதை ஆராய்ந்தார். பதித்த தளங்களில் 45 சறுக்கல் காயங்கள். இடித்தால் கழன்றுகொள்ளும் தளங்களில் இரண்டே. 2023 முதல் பெரிய லீக்குகளில் தளத்தின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கப்பட்டுள்ளது. இருவர் கால்களுக்கும் சற்றுக் கூடுதல் இடம். சிறுவர்களின் லிட்டில் லீக் ஆட்டங்களிலோ, இளைய பிரிவினர் அடுத்த தளத்துக்கு முன்னேறும்போது தலையை முன்னே நீட்டிச் சறுக்கினால் ஆட்டமிழந்தவர் ஆவர். பந்தோடு காத்திருப்பவர்மேல் மோதவும் இடமில்லை; சறுக்க வேண்டும், அல்லது சுற்றிச் செல்ல முயல வேண்டும். குழந்தைகளுக்கு வேண்டாம் என்று நெடுநாள் முன்பே உணர்ந்ததைப் பெரியவர்கள் தமக்கென ஏற்கத்தான் இத்தனை காலம் பிடித்தது.

தெஹாடா என்னவானார் என்று கேட்பீர்கள். கால் முறிந்த இரண்டாம் நாள் நியூயார்க்கில் அடுத்த ஆட்டம். ஊன்றுகோலுடன் அவர் களத்துக்கு வந்தபோது, அரங்கமே எழுந்து நின்று ஆரவாரித்தது. அன்று மெட்ஸ் அணி 13-7 என வென்றது, தொடரையும் கைப்பற்றியது. ஐந்து மாதங்கள் கழிந்தன. அட்லியின் தடை நீக்கப்பட்ட அதே 2016 மார்ச்சில், மெட்ஸ் அணி தெஹாடாவை விடுவித்துவிட்டது. அட்லி 2018 வரை டாட்ஜர்ஸ் அணியிலேயே ஆடினார். தெஹாடா வேறு அணிகளில் அங்குமிங்குமாகச் சில காலம் ஆடி, 2019-இல் ஒருசில ஆட்டங்களுக்கு மட்டும் மெட்ஸ் சீருடையை மீண்டும் அணிந்தார்.