உடலை எண்ணும் கருவிகள் – 12: விரல் நுனியில் ஓர் எண், லேபில் ஓர் எண்

சென்ற வாரம் வீட்டு பி.பி. கருவிகளைப் பார்த்தோம். அங்கே ஐந்து புள்ளி முன்னே பின்னே போனால் பெரும்பாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. இந்த வாரத்துக் கருவியான ஐ.என்.ஆர். மீட்டரிடம் அந்தச் சலுகை கிடையாது. இதயத்தில் உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்களும், தாறுமாறான இதயத்துடிப்புக்காக வார்ஃபரின் சாப்பிடுபவர்களும், நம் ஊரில் அதிகம் எழுதித் தரப்படும் அசிட்ரோம் சாப்பிடுபவர்களும் ஐ.என்.ஆர். என்ற எண்ணை நம்பித்தான் நாளை ஓட்டுகிறார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைச் சொல்லும் எண் அது. உறைவதைத் தாமதப்படுத்தும் இந்த மருந்துகளைச் சாப்பிடாதவருக்கு ஏறக்குறைய 1. மருந்து சாப்பிடுபவருக்குப் பொதுவாக 2 முதல் 3. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருந்தால் 2.5 முதல் 3.5. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் மூளையிலோ குடலிலோ கசியும். இப்படிப்பட்ட ஒருவர் காலையில் வீட்டு மீட்டரில் 2.9 பார்த்துவிட்டு லேபுக்குப் போகிறார், அங்கே 2.5 என்கிறார்கள். உடனே எழும் கேள்வி, ‘எது சரி?’ அந்தக் கேள்வியே சரியில்லை என்பதுதான் என் வாதம். ‘இந்த வித்தியாசத்தால் மாத்திரை அளவு மாறுமா?’ என்று கேட்பதில்தான் பயன் இருக்கிறது.

முதலில், லேப் தரும் எண்ணும் கணக்குப் போட்டு வருவதுதான். இளநீல மூடி போட்ட சிறு குழாயில் சிட்ரேட் திரவம் ஒரு பங்கு இருக்கும்; ரத்தம் ஒன்பது பங்கு, குழாயில் உள்ள கோடு வரை நிரம்ப வேண்டும். நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டால் சிட்ரேட் மிகுந்து, இல்லாத தாமதம் கணக்கில் ஏறும். பிறகு ரத்தத்தைச் சுழற்றித் தெளிவைப் பிரித்து, த்ராம்போபிளாஸ்டின் என்ற பொருளைச் சேர்த்து, உறையும் நேரத்தை நொடியில் அளக்கிறார்கள். இந்தப் பொருளின் வீரியம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு. ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் மந்தமான த்ராம்போபிளாஸ்டினை வைத்துப் பார்த்ததால், நோயாளிகளுக்குத் தேவைக்கு மேல் வார்ஃபரின் கொடுத்தார்கள். ரத்தக் கசிவும் கூடியது. இந்தக் குளறுபடியைத் தீர்க்கத்தான் 1983-இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். முறையை ஏற்றது. நோயாளியின் நொடியைச் சராசரி நொடியால் வகுத்து, அந்த த்ராம்போபிளாஸ்டினுக்கு உரிய ஐ.எஸ்.ஐ. என்ற எண்ணை அடுக்காகப் போட வேண்டும். சராசரி 12 நொடி என்று வையுங்கள். ஐ.எஸ்.ஐ. 1 என்றால், 30 நொடிக்கு விடை 2.5. ஐ.எஸ்.ஐ. 2 என்றால் 19 நொடிக்கே 2.5 வந்துவிடும். இப்போது இரண்டிலும் ஒரு நொடி பிசகட்டும்: முதலாவது 2.6 ஆகும், இரண்டாவது 2.8-க்குத் தாவும். நோயாளி அதே ஆள், ரத்தமும் அதே ரத்தம். இரண்டு நல்ல லேபுகளுக்கு நடுவிலேயே இவ்வளவு இடைவெளி வரக்கூடும் என்றால், மீட்டருக்கும் லேபுக்கும் 0.4 வித்தியாசம் வந்ததும் மீட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அவசரம்.

மீட்டர் பார்ப்பதும் வேறு காரியம். பரவலாகப் புழங்கும் கோகுசெக் எக்ஸ்.எஸ். வகைக் கருவி ரத்தம் உறைவதைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஸ்டிரிப்பில் விழும் சுமார் 8 மைக்ரோலிட்டர் துளியில் த்ராம்பின் என்ற நொதி உருவானதும், அது ஒரு வேதிப்பொருளை வெட்டுகிறது. அதில் எழும் மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றித் தருகிறது. ரத்தமும் தெளிவு பிரிக்காத முழு ரத்தம். அதனால் சிவப்பணுக்களின் பங்கு ஏறக்குறைய 25 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விரலைக் குத்திய 15 நொடிக்குள் துளியை ஸ்டிரிப்பில் வைக்க வேண்டும். வராத ரத்தத்தைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தால் திசுநீர் கலந்துவிடும். உறைதலைத் தூண்டும் பொருள் திசுவிலேயே இருப்பதால் விடை கோணும். ‘மீட்டர் தப்பு’ என்ற புகார்களில் ஒரு பகுதி உண்மையில் விரலைப் பற்றிய புகார்.

சரி, எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுக்கலாம்? ஐ.எஸ்.ஓ. 17593 என்ற சர்வதேசத் தரம் இந்தக் கருவிகளுக்கென்றே 2007-இல் வந்தது. 2 முதல் 4.5 வரையில், நூற்றுக்குத் தொண்ணூறு முடிவுகள் ஒப்பீட்டு எண்ணிலிருந்து 30 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்றது அந்தப் பதிப்பு. கருவியைச் சந்தையில் விட அது சரியாக இருக்கலாம். ஒரு நோயாளிக்கு அது தாராளம் என்றே நினைக்கிறேன். லேபில் 3 என்றால் மீட்டர் 2.1 காட்டினாலும் தேர்ச்சி! மைட்ரல் வால்வுக்காரருக்கு அந்த 2.1 வேறு மாத்திரை அளவு. மாறாக, இலக்கு 2 முதல் 3 உள்ளவருக்கு மீட்டர் 2.8, லேப் 2.2 என்று வந்தால் 0.6 வித்தியாசம், இரண்டுமே எல்லைக்குள், மாற்ற எதுவும் இல்லை. மீட்டர் 2.1, லேப் 1.7 என்றால் வித்தியாசம் சிறியதுதான், ஆனால் அங்கே டாக்டருக்குப் போன் போட வேண்டும். சதவீதம் இந்த இடத்தைக் காட்டிக்கொடுக்காது.

ஒப்பிடுவதிலும் ஒழுங்கு வேண்டும். விரலில் குத்திய சில மணி நேரத்துக்குள் லேப் ரத்தம் எடுத்தாக வேண்டும். ரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளில் ஏழாவது காரணியின் அரை ஆயுள் ஆறு மணி நேரம் போலத்தான் என்பதால் எண் சீக்கிரமே நகர்ந்துவிடும். திங்கள் மீட்டரையும் வியாழன் லேபையும் பக்கத்தில் வைப்பது ஒப்பீடே ஆகாது. ஒவ்வொரு தடவையும் ஒரே லேப் என்று வைத்துக்கொண்டால், சில தடவைகளில் அந்த ஜோடியின் குணம் தெரிந்துவிடும். மீட்டர் எப்போதும் 0.3 கூடுதலாகச் சொல்கிறது என்றால் அதோடு பழகிக்கொள்ளலாம். ஒரு நாள் கூடுதல், ஒரு நாள் குறைவு என்றால்தான் கவலை.

மீட்டர்களின் சரித்திரத்தை எடுத்துப் போட்டு மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஐ.என்.ரேஷியோ என்ற கருவி சிலருக்கு லேபைவிடக் குறைத்துக் காட்டியது, அதாவது கசிவை நெருங்குபவரிடம் ‘பயமில்லை’ என்றது. ரிவராக்சபான் மாத்திரையை வார்ஃபரினோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியான ராக்கெட் ஏ.எஃப். ஆய்வில் பயன்பட்டதும் இதே கருவி என்பதால், அந்த ஆய்வு முடிவே சர்ச்சைக்கு உள்ளானது. 2016-இல் கருவி சந்தையை விட்டே போனது. 2018-இல் கோகுசெக் ஸ்டிரிப்புகளின் முறை. அளவுத்திருத்தத்தை வேறொரு சர்வதேச ஒப்புப் பொருளுக்கு மாற்றியதில் 4.5-க்கு மேற்பட்ட எண்கள் பிசகின. அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். இவை நடந்தவை. ஆனால் இரண்டிலும் பிசகு வெளிப்பட்டதே லேபோடு ஒப்பிட்டதால்தான். கருவியைத் தூக்கி எறிய அது காரணமாகாது. ஒப்பீட்டை விடாமல் செய்யத்தான் அது காரணம். மீட்டர் 4-ஐத் தாண்டினால் லேபில் உறுதி செய்துகொள்ளச் சொல்வதும் இதனால்தான்: உயரே போகப் போக இரண்டும் விலகுவது கூடும்.

‘இரண்டும் பிசகும் என்றால் வீட்டில் குத்திக்கொள்வானேன், மாதம் ஒரு தடவை லேபுக்குப் போனால் போதாதா?’ என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற 2,922 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2010-இல் வெளியானது. வாரந்தோறும் வீட்டில் பார்த்தவர்களுக்கும், மாதந்தோறும் நல்ல கிளினிக்கில் பார்த்தவர்களுக்கும் பக்கவாதம், பெருங்கசிவு, மரணம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டுக்காரர்கள் இலக்குக்குள் இருந்த நேரம் மட்டும் சற்றுக் கூடுதல். 2012-இல் லான்செட் இதழில் 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தாமே பார்த்துக்கொண்டவர்களுக்கு ரத்தக்கட்டி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது, கசிவு கூடவில்லை. உலோக வால்வுக்காரர்களுக்கும் 55 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் பலன் தெளிவாக இருந்தது. எனக்கு இதில் தெரிவது, சற்றுப் பிசகும் எண் அடிக்கடி கிடைப்பது, திருத்தமான எண் அரிதாகக் கிடைப்பதற்கு இளைத்ததல்ல என்பது. சிறந்த கிளினிக் பக்கத்தில் இருப்பவருக்கு லாபம் குறைவு. நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வர வேண்டியவருக்கு அதிகம். அதற்கும் பயிற்சி வேண்டும், மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டர் ஒருவர் பின்னால் வேண்டும்.

மீட்டர் ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். கடும் ரத்தசோகை உள்ளவர்களிடம் கருவி எதிர்பார்க்கும் சிவப்பணு அளவே இருக்காது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் உள்ளவர்களின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள், ஸ்டிரிப்பில் இருக்கும் த்ராம்போபிளாஸ்டினோடு குறுக்கிட்டு எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் கட்டிதான் மிஞ்சும். இவர்களில் சிலருக்கு லேபின் வழக்கமான ஐ.என்.ஆர். கூட ஏமாற்றும் என்பதால், பத்தாவது காரணியை வேறு முறையில் தனியாக அளந்து பார்க்கிறார்கள்.