சுழல் துப்பாக்கியும் பிஸ்டலும்

இரண்டு வேறுபட்ட பொறிகளைத் தமிழில் நாம் கைத்துப்பாக்கி என்னும் ஒரே சொல்லால் குறித்து வருகிறோம். ஒன்று ரிவால்வர். அதனைச் சுழல் துப்பாக்கி என்று வழங்குவது பொருத்தமே. மற்றொன்று பிஸ்டல். இரண்டும் ஒரு கையில் அடங்குபவை. இரண்டும் சில கிராம் எடையுள்ள ஈயக் குண்டை வினாடிக்கு ஏறக்குறைய 250 முதல் 350 மீட்டர் வேகத்தில் எறிபவை. முதல் குண்டு பாய்ந்தபின் இரண்டாவது தோட்டா குழலின் வாய்க்கு எவ்வாறு வந்து சேருகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. இந்தச் சிறு வேறுபாட்டினால் உயிர் பிழைத்தோரும் உண்டு, உயிர் இழந்தோரும் உண்டு.

சுழல் துப்பாக்கியின் நடுவே உருளை ஒன்று இருக்கும். அதில் வட்டமாக ஐந்து அல்லது ஆறு அறைகள் குடைந்திருக்கும். அறைக்கு ஒரு தோட்டா. விரலால் விசையை இழுத்தால், அந்த இழுப்பே இரண்டு வேலைகளைச் செய்கிறது: உருளையை ஓர் அறை தூரம் சுழற்றுகிறது, பின்னால் உள்ள குதிரையைத் தூக்கி, உச்சிக்கு வந்ததும் விடுவிக்கிறது. குதிரை விழுந்து தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பு மருந்தைத் தட்ட, வெடிமருந்து எரிந்து குண்டு பாய்கிறது. இதற்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் விரலின் ஆற்றலே. ஆகையால் விசையின் இழுப்பு நீளமாகவும் கடினமாகவும் இருக்கும். ஏறக்குறைய ஐந்து கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு வலிமை வேண்டும். இதனைக் குறை என்பாரும் உண்டு, காவல் என்பாரும் உண்டு. இருவர் கூற்றையும் பின்னர் ஆராய்வோம்.

பிஸ்டலின் கைப்பிடிக்குள் தோட்டாப் பெட்டி ஒன்று செருகப்பட்டிருக்கும். அதன் அடியிலுள்ள சுருள்வில் தோட்டாக்களை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு குண்டு முன்னே பாயும்போது அதன் எதிர்விசை துப்பாக்கியைப் பின்னே உதைக்கிறதல்லவா? நியூட்டனின் மூன்றாம் விதியாகிய அந்தப் பின்னுதைப்பைச் சுழல் துப்பாக்கி வீணாக்குகிறது. பிஸ்டல் வேலைக்கு அமர்த்திக் கொள்கிறது. உதைப்பினால் மேலுள்ள எஃகுமூடி பின்னோக்கிச் சறுக்கி, வெற்றுத் தோட்டாக் கூட்டை வெளியே எறிகிறது. பிறகு சுருள்வில்லின் வலிமையால் முன்னோக்கி மீண்டு, பெட்டியிலிருந்து புதிய தோட்டா ஒன்றைக் குழலுக்குள் தள்ளுகிறது. இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் நடந்தேறுகின்றன. அடுத்த குண்டுக்கு விரல் செய்யவேண்டிய வேலை மிகச் சிறிது.

வெற்றுக் கூடு வெளியே விழுவது துப்பறியும் கதை படிப்போர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. பிஸ்டலால் சுட்டவன் சுட்ட இடத்தில் பித்தளைக் கூடுகளை விட்டுச் செல்கிறான். சுழல் துப்பாக்கியால் சுட்டவனோ, உருளையைத் திறந்து கொட்டினாலன்றி, அவற்றைத் தன்னோடு எடுத்துச் செல்கிறான். நம் திரைப்படங்களில் ரிவால்வரின் முனையில் ஒலியடக்கியைத் திருகிச் சத்தமின்றிச் சுடும் காட்சி வருகிறது. உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள மெல்லிய இடைவெளி வழியே வாயு பீறிட்டு வெளியேறுவதால், அந்த ஒலியடக்கியால் பெரும்பயன் இல்லை. அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும்படி அமைந்த ருஷ்ய நாட்டு நாகாந்து ரிவால்வர் ஒன்றே புகழ்பெற்ற விதிவிலக்கு.

சுழல் துப்பாக்கியின் வரலாற்றில் இந்தியாவின் பெயரும் ஓரமாக வருகிறது. 1830ஆம் ஆண்டில், பதினாறு வயதினனான சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்க இளைஞன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட கப்பலில் வேலைக்கு அமர்ந்தான். அப்பயணத்தின்போது கப்பற் சக்கரம் சுழல்வதையும் ஒரு நிலையில் பற்றி நிறுத்தப்படுவதையும் கண்டு, மரத்தில் ஒரு மாதிரி உருளையைச் செதுக்கினான் என்பர். 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றான். அவனுடைய முதல் தொழிற்சாலை சில ஆண்டுகளிலேயே நொடித்துப் போயிற்று. 1847இல் மெக்ஸிகோப் போரின்போது அரசு கொள்முதல் செய்ததால்தான் அவன் தொழில் மீண்டும் தழைத்தது. வெடிமருந்தையும் குண்டையும் தனித்தனியே கிட்டிக்கும் தொல்லை, 1857இல் ஸ்மித், வெஸ்ஸன் என்னும் இருவர் உலோகத் தோட்டாவுக்கேற்ற ரிவால்வரைச் செய்த பிறகே நீங்கத் தொடங்கிற்று.

பிஸ்டல் அதற்குப் பிந்தியது. 1893இல் ஹியூகோ போர்கார்ட் என்பவர் செய்த பிஸ்டல், தானே நிரப்பிக்கொள்ளும் வகையில் முதன்முதல் விற்பனையில் வெற்றி கண்டது. அதனைத் திருத்தி லூகர் செய்த பிஸ்டலுக்காக 1902இல் தோன்றிய 9 மில்லிமீட்டர் தோட்டாவே இன்றும் உலகில் மிகுதியாக வழங்குகிறது. ஆயினும் பிஸ்டலுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர். 1911இல் அமெரிக்கப் படை அவருடைய பிஸ்டலை ஏற்குமுன், அது 6000 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டுக் காட்டியது. அதே 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் ஏந்தியதும் பிரௌனிங் வகைப் பிஸ்டலே.

இராணுவங்கள் பிஸ்டலுக்கு மாறிய பின்னரும் அமெரிக்கப் போலீஸார் ஏறத்தாழ அறுபது எழுபது ஆண்டுகள் சுழல் துப்பாக்கியையே வைத்திருந்தனர். பழமைப் பற்று மட்டும் இதற்குக் காரணம் அன்று. போலீஸ்காரர் துப்பாக்கியைப் பல ஆண்டுகள் இடுப்பில் சுமக்கிறார். சுடுவது அரிது, பயிற்சியும் குறைவு. தூசி படிந்து எண்ணெய் உலர்ந்து கிடந்தாலும் சுழல் துப்பாக்கி சுடும். ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால் மறுபடியும் விசையை இழுத்தால் போதும், அடுத்த அறை எதிரே வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டா பழுதானாலும், வெற்றுக் கூடு மூடியில் சிக்கினாலும், இரண்டு கைகளாலும் மூடியை இழுத்து விடுவித்தாக வேண்டும். பதற்றத்தில் அது எல்லோருக்கும் கைகூடுவதில்லை. 1967இல் இல்லினாய் மாநிலப் போலீஸார் 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு மாறியபோது மற்ற மாநிலங்கள் அதனைப் பின்பற்ற விரையவில்லை.

பின்னர் நிகழ்ந்த இரண்டு துயரங்கள் அந்த எண்ணத்தை மாற்றின. 1970 ஏப்ரல் 5ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிக் கலிபோர்னியாவில் நியூஹால் என்னுமிடத்தில் இரு குற்றவாளிகளைத் தடுத்து நிறுத்திய நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் சில நிமிடங்களுக்குள் மாண்டனர். அவர்களுள் ஒருவர், ஆறு தோட்டாக்களும் தீர்ந்த பின், ஒவ்வொரு தோட்டாவாக உருளையில் மீண்டும் இட்டுக்கொண்டிருந்தார். நிரப்பும் வேலை முடியும் தறுவாயில் எதிரி அருகே வந்துவிட்டான். ஆறு தோட்டாக்களையும் ஒரே முறையில் உருளைக்குள் இடும் சிறு கருவியை அந்தத் துறை அதன் பின்னரே தன் காவலர்களுக்கு அனுமதித்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 1986 ஏப்ரல் 11ஆம் தேதி மயாமி நகரில் நடந்தது. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேரும், பாங்குக் கொள்ளையர் இருவரும் நேருக்கு நேர் மோதினர். அதிகாரிகளுள் பெரும்பாலோரிடம் சுழல் துப்பாக்கியும், மூவரிடம் பிஸ்டலும் இருந்தன. கொள்ளையரிடம் நீண்ட துப்பாக்கிகளும் இருந்தன. இரு அதிகாரிகள் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். கையில் அடிபட்ட ஓர் அதிகாரி தம் சுழல் துப்பாக்கியில் தோட்டாக்களை மீண்டும் இட முடியாமல் தவித்தார். ஒரு கை செயலிழந்தவனுக்கு ஆறு சிறு அறைகளில் ஆறு தோட்டாக்களைப் பொருத்துவது எத்துணை அரிது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். எனினும் அன்றைய மோதலுக்கு முடிவு கட்டியது ஒரு சுழல் துப்பாக்கியே. ஒரு கை சிதைந்த அதிகாரி ஒருவர் மற்றொரு கையால் அதனை ஏந்திச் சென்று கொள்ளையர் இருவரையும் வீழ்த்தினார். ஆயினும் விசாரணை செய்தோர் நெஞ்சில் நின்றது தோட்டாக்களின் எண்ணிக்கையும் குண்டின் வலிமையுமே. எஃப்.பி.ஐ. பிஸ்டலுக்கு மாறியது. முதலில் 10 மில்லிமீட்டர், பிறகு புள்ளி 40 என்று பெரிய தோட்டாக்களை நாடிச் சென்று, பின்னுதைப்பு மிகுதியால் குறி தவறுவதைக் கண்டு, 2016இல் மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே ஒப்பந்தம் செய்தது.

இதற்கிடையே ஆஸ்திரியாவில் காஸ்டன் கிளாக் என்பவர், சட்டகம் பிளாஸ்டிக்காலும் குழலும் மூடியும் எஃகாலும் ஆன பிஸ்டலைச் செய்திருந்தார். 1982இல் ஆஸ்திரியப் படை அதனை ஏற்றது. பதினேழு தோட்டாக்கள் கொண்டும், பழைய ஆறு தோட்டா ரிவால்வரைவிட எடை குறைந்தது. விசையின் இழுப்பு இரண்டரைக் கிலோ அளவே. அமெரிக்கப் போலீஸ் துறைகள் அதனை ஆவலோடு வாங்கின.

இங்கே நாணயத்தின் மறுபக்கம் புலனாகிறது. எளிதில் இழுபடும் விசை வேண்டாதபோதும் எளிதில் இழுபடும். நியூயார்க் நகரப் போலீஸார் 1993இல் பிஸ்டலை அனுமதித்தபோது, விசையின் இழுப்பை ஏறத்தாழ 5.4 கிலோ அளவுக்குக் கடினமாக்கச் செய்து, அதனைப் பழைய ரிவால்வர் போலவே ஆக்கிவிட்டனர். தற்செயலாகச் சுடுவது குறையும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கடினமான விசையை இழுக்கும்போது குழலின் முனை அசைகிறது; குறி தவறுகிறது. 1998 முதல் 2006 வரையிலான நிகழ்ச்சிகளை ஆராய்ந்தபோது, எதிர்த்துச் சுடுபவனை நோக்கி நியூயார்க் போலீஸார் சுட்ட குண்டுகளில் 18 சதவீதமே இலக்கை எட்டியதாகத் தெரியவந்தது. எஞ்சியவை எங்கே சென்றன என்று கேட்க வேண்டுவது இல்லை. அது மக்கள் நெருங்கி வாழும் நகரம்.

தோட்டாக்களின் எண்ணிக்கையும் இருபுறமும் வெட்டும் வாள் ஆயிற்று. 1999 பிப்ரவரி 4ஆம் தேதி இரவு, அதே நியூயார்க்கில், கினி நாட்டிலிருந்து வந்து குடியேறிய அமடு டியாலோ என்னும் இளைஞரை, அவர் தம் வீட்டு வாயிலில் நின்றிருந்தபோது, போலீஸார் நால்வர் சுட்டுக் கொன்றனர். அவரிடம் ஆயுதம் ஏதுமில்லை. கையில் இருந்தது பணப்பை. பாய்ந்த குண்டுகள் 41, உடலில் பட்டவை 19. இருவர் பதினாறு பதினாறாகச் சுட்டுத் தீர்த்திருந்தனர். நால்வரிடமும் பழைய ஆறு தோட்டா ரிவால்வர் இருந்திருந்தால், மீண்டும் நிரப்பாமல் 24க்கு மேல் சுட்டிருக்க இயலாது. அப்போதும் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. பணப்பையைத் துப்பாக்கி என்று கருதிய பிழை கண்ணிலும் கருத்திலும் நேர்ந்தது. ஆனால் அப்பிழையை எத்தனை முறை திருப்பிச் செய்யலாம் என்பதைப் பொறி நிர்ணயித்தது.

ஆகவே போலீஸாருக்குப் பிஸ்டலே ஏற்றது என்று நான் கருதினாலும், இடைவிடாத பயிற்சி பெறாத காவலர் கையில் அது பழைய ரிவால்வரினும் கேடானது என்றே சொல்வேன். பயிற்சிக்குப் பணம் ஒதுக்காமல் புதிய துப்பாக்கிக்கு மட்டும் பணம் ஒதுக்கும் துறை பாதி வேலையே செய்கிறது. லண்டனில் தெருக்காவல் செய்யும் போலீஸாருள் பெரும்பாலோர் இரண்டில் எதையும் ஏந்துவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனித் தனி மனிதர் வீட்டில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கியைப் பார்ப்போம். இங்கே பயிற்சி போலீஸாரினும் குறைவு. பெட்டியில் கிடக்கும் காலமோ நீண்டது. இந்நிலையில் சுழல் துப்பாக்கிக்குச் சில சிறப்புகள் உண்டு. உருளையைத் திறந்தவுடன் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரியும். பிஸ்டலில் அப்படி அன்று. தோட்டாப் பெட்டியை உருவி எடுத்துவிட்டுத் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ணுவோர் பலர். குழலுக்குள் முன்னரே ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். பல பிஸ்டல்கள் பெட்டி இல்லாமலும் அதனைச் சுட்டுவிடும். ‘காலித் துப்பாக்கி’யால் விளையாட்டாகச் சுட்டு உயிர் போன விபத்துகளில் இவ்வகை ஏராளம். கடினமான விசையும் சிறு குழந்தையின் விரலுக்கு ஓரளவு தடையாகும். முழுத் தடை என்று நம்புவது பேதைமை.

ஆனால் இவ்வொப்பீட்டுக்கு முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வீட்டிலுள்ள துப்பாக்கி யாரைச் சுடுகிறது? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக் கிங் கவுண்டியில் 1978 முதல் 1983 வரை நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. வீட்டுத் துப்பாக்கியால் தற்காப்புக்காக ஒருவர் கொல்லப்பட்டபோது, தற்கொலை, குற்றக் கொலை, விபத்து ஆகியவற்றால் மாண்டவர் 43 பேர். தற்காப்பில் எதிரியைக் கொல்லாமலே விரட்டிய நிகழ்ச்சிகள் இக்கணக்கில் சேரவில்லை என்று குறை கூறினர், அக்குறை நியாயமே. ஆயினும் 2020இல் கலிபோர்னியாவில் பெருந்தொகையான மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்ட ஆய்வும் அதே திசையைக் காட்டிற்று. கைத்துப்பாக்கி உடைய ஆடவர் துப்பாக்கியால் தம்மையே மாய்த்துக்கொள்ளும் விகிதம், இல்லாத ஆடவரினும் ஏறக்குறைய எட்டு மடங்கு; மகளிரிடையே முப்பத்தைந்து மடங்கு. மனம் உடைந்த வேளை பெரும்பாலும் கடந்து போகக்கூடியது. எட்டும் தூரத்தில் ஆயுதம் இருந்தால் அது கடந்து போவதற்கு அவகாசம் கிட்டுவதில்லை. இந்த இடத்தில் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் வேறுபாடே இல்லை.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்துக்கொள்ள இயலாது. 2019இல் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது. போலீஸும் படையும் வழங்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. ஆகவே உரிமம் பெற்றோர் பெரும்பாலும் புள்ளி 32 அளவுள்ளவற்றையே நாடுகின்றனர். 2014இல் கான்பூரிலுள்ள அரசுத் தொழிற்சாலை பெண்களின் தற்காப்புக்கென்று ‘நிர்பீக்’ என்னும் பெயரில் ஒன்றை வெளியிட்டது. அது ஆறு தோட்டா கொண்ட சுழல் துப்பாக்கி. எடை அரைக் கிலோ அளவே. விலையோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்.