கொரோனாக் கடன்: ஜாமீன் யாருக்கு?

நம் சங்க அன்பர்களில் மாதச் சம்பளக்காரர்களைப் போலவே சொந்தத் தொழிலை நம்பிப் பிழைப்பவர்களும் நிறைய உண்டு. மாட்டுங்காவில் பூக்கடை, தாராவியில் தோல் பட்டறை, செம்பூரில் மெஸ், விடியற்காலையில் இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர்கள் என்று பலர். 2020-ல் கொரோனா வந்தபோது இவர்களைப் போன்றவர்களுக்கு மத்திய அரசு செய்த உதவியைப் பற்றி இன்றும் தெளிவில்லாத பேச்சு நடக்கிறது. "கோடி கோடியாகக் கொடுத்தார்களாம், நமக்கு ஒன்றும் வரவில்லை" என்பார் ஒருவர். "அரசாங்கப் பணம்தானே, கட்டாவிட்டால் என்ன?" என்பார் இன்னொருவர். ரயில்வேயில் பொறியாளராக இருந்த காலத்தில் சுற்றறிக்கைகளை வரி விடாமல் படித்துப் பழகியவன் என்ற முறையில், நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அறிவிப்புகளில் பெரியது, 2020 மே 13 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். இந்தத் தொகை அரசுக் கஜானாவிலிருந்து வியாபாரிகளுக்குப் போனதாகப் பலர் நினைக்கிறார்கள். கடனைக் கொடுத்தவை வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். பூட்டிக் கிடக்கும் கடைக்கு எந்த வங்கி துணிந்து கடன் கொடுக்கும்? அந்தப் பயத்தைப் போக்க, கடன் திரும்பாவிட்டால் நஷ்டத்தை முழுவதும் தான் ஈடுகட்டுவதாக அரசு ஜாமீன் நின்றது. கடன் வாராக்கடனாக ஆனால்தான் அரசுக்குச் செலவு.

நம் ரயில்வேயிலேயே இதற்கு உதாரணம் உண்டு. கர்ஜத்திலிருந்து லோனாவ்லாவுக்கு ஏறும் போர் காட் மலைப்பாதையின் சரிவு 37-க்கு 1. பல வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்னால் கூடுதல் எஞ்சின் சேர்ப்பார்கள். அதற்கு ரயில்வே பாஷையில் 'பாங்கர்' என்றே பெயர். மேடு ஏறும் வரை தள்ளிவிட்டு அது கழன்றுகொள்ளும். வண்டியின் பாரம் வண்டியோடுதான் இருக்கும். இந்தத் திட்டமும் அப்படித்தான்.

கணக்கைப் பார்ப்போம். 2020 பிப்ரவரி 29 அன்று ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் தொழில் கடன் பாக்கி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 சதவீதம், அதாவது 1 லட்சம் ரூபாய், கூடுதல் கடனாகக் கிடைக்கும். புதிதாகச் சொத்து அடமானம் வேண்டாம், உத்தரவாதக் கட்டணமும் இல்லை. வங்கி வட்டிக்கு 9.25 சதவீதம் உச்சவரம்பு. தவணைக் காலம் 4 ஆண்டு. முதல் ஆண்டு வட்டி மட்டும் கட்டினால் போதும். உச்ச வட்டியில் அது மாதம் சுமார் 770 ரூபாய். அடுத்த 36 மாதம் அசலும் வட்டியும் சேர்த்துச் சுமார் 3,190 ரூபாய். வெளியில் கந்து வட்டிக்கு வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம், "கவர்மெண்ட் ஜாமீன் நிக்குதுன்னுதானே சார் சொன்னாங்க, அப்புறம் ஏன் பேங்க்ல என்னை விரட்டறாங்க?" என்று கேட்டார். ஜாமீன் வங்கிக்குத்தான், நமக்கு இல்லை. நாம் கட்டாமல் போனால் வங்கி தன் நஷ்டத்தை அரசிடம் பெறலாம். அதனால் நம் கடன் தீர்ந்துவிடாது. வசூல் நடவடிக்கை தொடரும். சிபில் கணக்கிலும் பதிவாகும். பிறகு பிள்ளையின் படிப்புக் கடனுக்கு நாம் உடன் கையெழுத்துப் போடும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

தவணை ஒத்திவைப்பிலும் இதே குழப்பம்தான். 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி மட்டும் நிற்கவில்லை. 5 லட்சம் ரூபாய்க்கு 12 சதவீதத்தில் ஆறு மாத வட்டி 30,000 ரூபாய். வட்டிக்கு வட்டி சேர்த்தால் சுமார் 30,760. 2 கோடி ரூபாய் வரையான கடன்களுக்கு இந்த வித்தியாசத்தை, அதாவது நம் கணக்கில் 760 ரூபாயை, அரசு திருப்பித் தந்தது. மீதி 30,000 கடன்காரர் தலையில்தான்.

சரி, "நமக்கு ஒன்றும் வரவில்லை" என்ற குறைக்கு வருவோம். அது நியாயமான குறை. 20 சதவீதம் என்றால் எதில் 20 சதவீதம்? ஏற்கெனவே இருந்த கடனில். கடனே வாங்காமல் கைக்காசில் மானமாகத் தொழில் நடத்தியவருக்கும், ஊர்க்காரரிடம் கைமாற்று வாங்கிச் சமாளித்தவருக்கும் இந்தக் கதவு திறக்கவில்லை. வங்கிப் புத்தகத்தில் பெயர் இல்லாதவர் அரசின் கண்ணுக்குத் தெரியவில்லை. நம்மவர்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போனார்கள்.

தெருவோர வியாபாரிகளுக்கு மட்டும் 2020 ஜூன் 1 முதல் 'பி.எம். ஸ்வநிதி' என்ற தனித் திட்டம் வந்தது. முதலில் 10,000 ரூபாய், ஓராண்டுத் தவணை, அடமானம் இல்லை. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரும். அடுத்து 20,000, பிறகு 50,000 வரை வாங்கலாம். ஆனால் 2020 மார்ச் 24-லோ அதற்கு முன்போ வியாபாரம் செய்தவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். உரிமமோ அடையாள அட்டையோ இல்லாதவர் மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். ஆக, இங்கும் காகிதம்தான் முதல் படி.

அவசரக் கடன் திட்டம் 2023 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. ஸ்வநிதியை 2030 மார்ச் 31 வரை நீட்டிக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கடன் தொகையும் 15,000, 25,000, 50,000 என்று மாறியிருக்கிறது. தகுதியுள்ளவர்கள் மாநகராட்சி அலுவலகத்திலோ வங்கியிலோ விசாரிக்கலாம்.

மற்றவர்களுக்கு மூன்று யோசனைகள். முதலாவது, 'உத்யம்' இணையதளத்தில் தொழிலைப் பதிவு செய்யுங்கள். 2020 ஜூலை 1 முதல் நடக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டுப் பிள்ளைகளே செய்து தருவார்கள். பணம் கேட்கும் தரகரிடம் போக வேண்டாம். ஜி.எஸ்.டி. இல்லாத மிகச் சிறு தொழில்களுக்கு 'உத்யம் அசிஸ்ட்' என்று தனி வழியும் உண்டு. இரண்டாவது, தினசரி வரவில் ஒரு பகுதியாவது வங்கிக் கணக்கு வழியாகப் போகட்டும். மூன்றாவது, வங்கியில் ஒரு சிறிய தொழில் கடனாவது வாங்கி ஒழுங்காகக் கட்டி வாருங்கள். கடன் நல்லது என்று சொல்ல வரவில்லை. வங்கிக்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு நோயோ வெள்ளமோ வராது என்று யாரும் சொல்ல முடியாது. அப்போதும் அரசு பட்டியலைப் பார்த்துத்தான் உதவும். சொந்த ஊரை விட்டு வந்து இங்கே தொழில் செய்யும் நாம், அந்தப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. பதிவு செய்வதில் சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்துக்கு ஆதாரும் பான் அட்டையும் எடுத்து வாருங்கள். நான் இருப்பேன், உட்கார்ந்து பார்ப்போம்.