மாநாடு முடிந்த மறுநாள்

இந்திய மனநல மருத்துவர் சங்கம் 1947இல் தொடங்கியது. அதன் தேசிய மாநாடு ஆண்டுதோறும் ஏதாவதொரு பெருநகரில் கூடுகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோய்க்கென்றே சர்வதேச மாநாடு நடத்துகிறது. இவற்றுக்குப் போய்வருவது நல்லதா என்று யாரும் கேட்பதில்லை. படிப்பு சம்பந்தப்பட்டதென்றால் நல்லதுதானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் மனநலத் துறையின் ஒரு பகுதியான போதை சிகிச்சையை எடுத்துக்கொண்டு, 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மதுவால் ஏற்படும் சிக்கலுக்கு உதவி தேவைப்படும் இந்தியர்கள் சுமார் 5.7 கோடிப் பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோவொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். சிகிச்சை இவ்வளவு குறைவாகக் கிடைக்கும் துறையில் ஒருவர் மூன்று நாள் வெளியூர் போனால், அந்த மூன்று நாளின் விலையை நோயாளிதான் கொடுக்கிறார். அதற்கு ஈடாக அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

கிடைப்பது கொஞ்சம்தான். மருத்துவத் துறையினருக்கான கல்விக் கூட்டங்கள் பற்றிய 81 ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு 2009இல் தொகுத்துப் பார்த்தது. கூட்டங்களுக்குப் பின் சரியான சிகிச்சை முறையைக் கடைப்பிடிப்பது நூற்றுக்கு 6 என்ற அளவில் உயர்ந்திருந்தது. சொற்பொழிவோடு கலந்துரையாடலும் சேர்ந்த இடங்களில் பலன் கூடுதல். மருத்துவத் துறையினரின் சிக்கலான செயல்முறைகளை மாற்ற முயன்ற இடங்களில் பலனே தென்படவில்லை. போதை சிகிச்சையோ முழுக்க முழுக்கச் சிக்கலான செயல்முறை. ‘விட்டுவிடு’ என்று அறிவுரை சொல்லாமல், விடவேண்டிய காரணத்தை நோயாளியின் வாயிலிருந்தே வரவழைக்கும் பேச்சுமுறை ஒன்று உண்டு. மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்பார்கள். அதை வகுத்த வில்லியம் மில்லரே தன் பயிற்சியைச் சோதித்துப் பார்த்தார். 140 போதை சிகிச்சைப் பணியாளர்களை வைத்து 2004இல் வெளியான அந்த ஆய்வில், பயிலரங்குக்குப் பிறகு பேச்சுப்பதிவைக் கேட்டுத் திருத்தமும் வழிகாட்டலும் பெற்றவர்களின் திறமை கூடுதலாக உயர்ந்தது. என்னை உலுக்கியது வேறொரு முடிவு: நான் நன்றாகச் செய்கிறேன் என்று பணியாளர்கள் சொன்னதற்கும், அவர்கள் உண்மையில் பேசிய விதத்துக்கும் தொடர்பே இல்லை. மாநாட்டுக் கடைசி நாளில் நிரப்பித் தரும் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ படிவத்தை இனி எப்படி நம்புவது?

மாநாடு வகுப்பறை அல்ல, தேநீர் இடைவேளையில் நடப்பதுதான் அதன் உயிர் என்று பதில் வரும். அதில் நியாயம் இருக்கிறது. ஆறு மாதம் குடிக்காமலிருந்தவர் மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்கும்போது ஆலோசகருக்கு வரும் சோர்வை, அதே வேலை செய்யும் இன்னொருவர்தான் புரிந்துகொள்வார். புதிய மருந்து, புதிய சட்டம் பற்றிய செய்தியும் அங்கே சீக்கிரம் வந்து சேரும். அப்படியானால் அந்தச் சோர்வைத் தினமும் சுமப்பவர்களல்லவா போகவேண்டும்? பதிவுக் கட்டணமும் பயணமும் மருத்துவருக்குக் கட்டுப்படியாகலாம். மீட்பு மையத்துச் செவிலியருக்கும் ஆலோசகருக்கும் ஆகுமா? கூடத்தில் நடப்பதெல்லாம் ஆங்கிலத்தில். நோயாளியிடம் பேசவேண்டியதோ தமிழில். தேநீர்தான் முக்கியம் என்பவர்கள், அதற்கு அரை மணி மட்டும் விட்டு மீதி நாளைப் படக்காட்சியால் நிரப்புவது ஏன் என்றும் விளக்கட்டும்.

வேறு வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் ‘எக்கோ’ என்ற முறையைத் தொடங்கினார். தொலைதூர மருத்துவர்கள் தங்கள் நோயாளியின் நிலையைக் காணொளியில் வைக்க, நிபுணர்களும் மற்றவர்களும் சேர்ந்து விவாதிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். கல்லீரல் அழற்சி சி நோய்க்கு இப்படிச் சிகிச்சை தந்த கிராமப்புற மையங்கள், பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இணையான பலன் கண்டதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதே முறையைப் போதை நோய்க்கும் கையாள்கிறது. முகம் பார்த்துப் பழகும் நெருக்கம் திரையில் வராது என்பது உண்மை. அதனால் மாநாட்டை மூடச் சொல்லவில்லை. ஒருவரை அனுப்பும் மையம், திரும்பி வந்தபின் மூன்று மாதத்துக்கு அவருடைய ஆலோசனைப் பேச்சை, நோயாளியின் சம்மதத்தோடு, மாதம் ஒருமுறை மூத்தவர் ஒருவர் கேட்டுத் திருத்த ஏற்பாடு செய்யட்டும். பணம் போதாதென்றால், அனுப்பும் ஆட்களில் ஒருவரைக் குறைத்துக்கொள்ளலாம்.