கடிதத்தைக் காட்டும் செயலியா, கடிதத்துக்குக் கீழ்ப்படியும் செயலியா?

வீட்டில் கணினிக் கோளாறு என்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? பெரும்பாலும் உங்களைத்தான். "தம்பி, இந்த இமெயில் சரியா வரல, கொஞ்சம் பாரு" என்று அப்பா கடைக் கணினியைக் காட்டுவார். விண்டோஸுடன் சேர்ந்தே வந்த 'மெயில்' செயலிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் பல வீடுகளில் வேறொரு செயலியைத் தேட வேண்டிய நிலை. பார்ப்பதற்கு அழகாக இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

ஒரு 'காதல் கடிதம்' செய்த வேலை

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி, 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் பிலிப்பைன்ஸிலிருந்து பரவத் தொடங்கியது. அதனுடன் ஒரு கோப்பு வந்தது. அதன் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்தது. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துக் காட்டுவது அன்றைய விண்டோஸின் வழக்கம். ஆகவே பார்த்தவர்களுக்கு அது சாதாரண எழுத்துக் கோப்பாகவே தெரிந்தது. உண்மையில் அது ஒரு நிரல். திறந்தவுடன் படக் கோப்புகளை அழித்தது. பிறகு அவுட்லுக் செயலியின் முகவரிப் பட்டியலை எடுத்து, அதில் இருந்த எல்லாருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. சில நாள்களில் உலகெங்கும் பல மில்லியன் கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டன் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சல் சேவையைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது.

திறந்தவர்கள் ஏமாந்தார்கள் என்பது பாதி உண்மைதான். ஒரு கடிதத்துடன் வந்த நிரல் கேட்டதும் முகவரிப் பட்டியலைத் தூக்கிக் கொடுத்தது யார்? மின்னஞ்சல் செயலி. கடிதத்தைக் காட்ட வேண்டிய செயலி, கடிதம் சொன்னபடி நடந்துவிட்டது.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2023 மார்ச்சில் விண்டோஸுக்கான அவுட்லுக்கில் ஒரு பெரிய ஓட்டையை மைக்ரோசாப்ட் அடைத்தது. நினைவூட்டல் மணிக்கான ஒலிக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வந்த செய்தியே சொல்லும். அது தாக்குபவரின் கணினியைக் காட்டினால், செயலி அங்கே போய்ப் பயனரின் அடையாளச் சான்றைக் கொடுத்துவிடும். அந்த மின்னஞ்சலை யாரும் திறக்கக்கூடத் தேவையில்லை!

பால்மரத் தோட்டம் தரும் பாடம்

தாக்குபவர்கள் ஏன் ஒரே செயலியைக் குறிவைக்கிறார்கள்? அறிவியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். 1928-இல் ஹென்றி ஃபோர்டு, பிரேசிலின் அமேசான் பகுதியில் 'ஃபோர்ட்லாண்டியா' என்ற ரப்பர் தோட்டத்தை அமைத்தார். காட்டில் தள்ளித் தள்ளி வளரும் பால்மரங்கள் அங்கே நெருக்கமாக நடப்பட்டன. இலைக்கருகல் நோயைத் தரும் பூஞ்சை மரத்துக்கு மரம் எளிதாகத் தாவியது. கடைசியில் தோட்டத்தையே கைவிட நேர்ந்தது. எல்லாரும் ஒரே செயலியைப் பயன்படுத்தும்போதும் அதே நிலைதான். ஒரு நோய் போதும், தோட்டம் முழுவதும் வாடும்.

ஆனால், அதிகம் பேர் பயன்படுத்தாத செயலி என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. அதைச் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: கடிதத்துக்குள் வரும் நிரலை அது இயக்குமா? இயக்கக்கூடாது. மோசில்லாவின் தண்டர்பேர்ட் செயலி, கடிதங்களில் வரும் ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதில்லை.

இரண்டாவது: கேட்காமலே இணையத்திலிருந்து படங்களை எடுத்துவருமா? விளம்பரக் கடிதங்களில் ஒரே ஒரு படப்புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படம் ஒளிந்திருக்கும். அது கடிதத்தில் இருக்காது. அனுப்பியவரின் கணினியில் இருக்கும். உங்கள் செயலி அதை எடுக்கப் போனால், நீங்கள் எப்போது கடிதத்தைத் திறந்தீர்கள், எந்த இணைய முகவரியிலிருந்து திறந்தீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தண்டர்பேர்ட் இத்தகைய படங்களைத் தானாகவே தடுத்துவைக்கிறது. வேண்டுமானால் நீங்கள் அனுமதிக்கலாம்.

மூன்றாவது: உங்கள் கடிதங்கள் யார் வழியாகப் போகின்றன? புதிய அவுட்லுக்கில் ஜிமெயில் போன்ற வேறொரு கணக்கைச் சேர்த்தால், கடிதங்களின் பிரதி மைக்ரோசாப்ட் மேகக்கணியிலும் வைக்கப்படும். தண்டர்பேர்ட் உங்கள் மின்னஞ்சல் நிறுவனத்துடன் நேரடியாகப் பேசுகிறது.

நான்காவது: ஓட்டைகளை யார் அடைக்கிறார்கள்? 2018 மே மாதம், 'ஈஃபெயில்' என்ற குறையை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பூட்டி அனுப்பிய கடிதத்தின் உள்ளடக்கத்தைப் படத்தொடர்பு வழியாக வெளியே கசியவைக்க முடிந்தது. தண்டர்பேர்டும் அதில் சிக்கியது; ஆப்பிள் மெயிலும் சிக்கியது. ஓட்டையே இல்லாத செயலி கிடையாது. தண்டர்பேர்டின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். புதுப்பிப்புகளும் தொடர்ந்து வருகின்றன. அதை இலவசமாகப் பெறலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'கிளாஸ் மெயில்' செயலியையும் பார்க்கலாம். அது கடிதங்களை வெறும் எழுத்தாகக் காட்டுவதையே விரும்பும்.

மாற்றுவது எப்படி?

முதலில் பழைய செயலியை நீக்காதீர்கள். கணக்கு 'ஐமேப்' முறையில் இருந்தால் கடிதங்கள் மின்னஞ்சல் நிறுவனத்தின் சேவையகத்திலேயே இருக்கும். புதிய செயலியிலும் தானாக வந்துவிடும். 'பாப்' முறையில் இருந்தால் கடிதங்கள் அந்த ஒரு கணினியில் மட்டும் இருக்கக்கூடும். முன்கூட்டியே பிரதி எடுத்துவையுங்கள். அப்பாவின் பத்தாண்டு பில்கள் அதில் இருக்கலாம்!

செயலியை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை நம்பாதீர்கள். பிறகு இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள். 'வியூ' பட்டியில் 'மெசேஜ் பாடி ஏஸ்' என்பதில் 'பிளெயின் டெக்ஸ்ட்' தேர்வு செய்தால் கடிதம் வெறும் எழுத்தாகத் தெரியும். அமைப்புகளில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' ஒன்றையும் வையுங்கள். அது இல்லாவிட்டால் கடைக் கணினியில் உட்காரும் எவரும் சேமித்த கடவுச்சொற்களைப் பார்த்துவிடலாம்.

கடைசிக் காவலாளி

எந்தச் செயலியாலும் முடியாத வேலை ஒன்று உண்டு. மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரைப் பொய்யாக எழுதுவது, அஞ்சல் உறையின் பின்பக்கத்தில் பொய் முகவரி எழுதுவதைப் போல எளிது. "வங்கியிலிருந்து அனுப்புகிறோம், உடனே இங்கே அழுத்துங்கள்" என்று வந்தால், இணைப்பின் மீது மவுஸை வைத்துப் பாருங்கள், அழுத்தாதீர்கள். உண்மையான முகவரி திரையின் கீழே தெரியும். வங்கியின் பெயருக்குப் பதிலாக வேறு ஏதோ இருந்தால், கடிதத்தை அழித்துவிடுங்கள்.

இந்த வார இறுதியில் வீட்டுக் கணினியைத் திறந்து, அந்த நான்கு கேள்விகளையும் உங்கள் மின்னஞ்சல் செயலியிடம் கேளுங்கள். இணைப்பின் மீது மவுஸை வைத்துப் பார்ப்பது எப்படி என்று அம்மா, அப்பாவுக்கும் காட்டிக்கொடுங்கள். செயலி மாற்ற அரை மணி நேரம் போதும். அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுவதும் உதவும்.